உதிர்ந்த மயிரும் உயர்ந்த மனமும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தலைமயிரைப் பற்றித் திருவள்ளுவர் சொல்லிச் சென்ற இரண்டு கருத்துக்கள் எம் எல்லோருக்கும் பழக்கமானவை. ஒன்று, கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்திலே வருவது. உலகம் பழிக்கும் செயலை ஒருவன் விட்டுவிட்டால் அவன் தலையை மழிக்கவும் வேண்டியதில்லை, சடையாக வளர்க்கவும் வேண்டியதில்லை என்பது அதன் பொருள். மற்றையது மானம் என்னும் அதிகாரத்திலே வருவது. தம் உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்து போனவர்கள் தலையை விட்டு விழுந்த மயிருக்கு ஒப்பானவர்கள் என்று அங்கே கூறுகின்றார். தலையிலே நிற்கும் வரைதான் மயிருக்குப் பேணுதல் உண்டு, விழுந்த பின் அஃது இழிவே என்று பரிமேலழகர் இந்த உவமையை விரித்துக் காட்டுவார்.

இந்த இரண்டு கருத்துக்களையும் மனத்திலே வைத்துக்கொண்டு, எமது காலத்து வழக்கம் ஒன்றினை இன்று நோக்கலாம் என்று எண்ணுகின்றேன். அன்புக்குரிய ஒருவரை நோய்க்குப் பறிகொடுத்தவர்கள், அவர் நினைவாகத் தம் தலையைப் பலர் முன்னிலையிலே மழித்துக்கொண்டு, அதன் மூலம் நிதி திரட்டி, அதே நோயினால் வருந்தும் வேறு மனிதருக்கு வழங்குகின்ற வழக்கமே அது. மேலைத் தேசங்களிலே தோன்றிய இவ்வழக்கம் இன்று எம்மவர் வாழும் இடங்களிலும் பரவியிருக்கின்றது. விழுந்த மயிருக்கு மதிப்பில்லை என்ற உவமை இங்கே என்னவாகின்றது என்பதுதான் என் உரையின் பொருள்.

முதலிலே எமது இலக்கியத்தின் பக்கம் சற்றுத் திரும்புவோம். கூந்தலைப் பாடாத தமிழ்ப் புலவர் இல்லை எனலாம். ஐந்து வகையாகப் பகுத்து முடிக்கப்படுவதனால் அதற்கு ஐம்பால் என்று ஒரு பெயர். ஓதி, கதுப்பு, குழல், அளகம் என்று இன்னும் பல பெயர்கள். கூந்தலுக்கு இயற்கையிலே மணம் உண்டா இல்லையா என்று நக்கீரருக்கும் இறைவனுக்கும் இடையே வழக்கு நடந்ததாகத் திருவிளையாடற் கதை சொல்கின்றது. ஒரு மொழியின் சங்க மண்டபத்திலே தெய்வமும் புலவரும் எதிர் எதிரே நின்று வாதிடும் அளவுக்குக் கூந்தல் பெரிய விடயமாயிருந்தது.

அவ்வளவு போற்றிய கூந்தலை எம்மவர் எப்போது களைந்தனர்? மூன்று சந்தர்ப்பங்களைச் சொல்லலாம். முதலாவது நேர்த்தி. பிள்ளைக்கு நோய் வந்தால் முருகனுக்கு முடியிறக்குவதாக நேருகின்றோம். பழனியிலும் திருப்பதியிலும் நாள்தோறும் எத்தனையோ தலைகள் மழிக்கப்படுகின்றன. இரண்டாவது இழவு. கொள்ளி வைக்கும் மகன் தலையையும் மீசையையும் மழித்துக்கொள்கின்றான். துயரம் உற்றவன் இவன் என்று ஊருக்கு அறிவிக்கும் அடையாளம் அது. மயிர் மீண்டும் வளரும் வரைக்கும், அவனை எதிரே காண்பவர் எவரும் ஒரு கணம் நின்று, "ஆர் தம்பி மோசம் போனது?" என்று கேட்காமல் போகமாட்டார்கள்.

மூன்றாவது கைம்மை. இதைப் பேசும்போது தமிழாசிரியன் ஒருவனின் குரல் தணியத்தான் செய்யும். கணவன் இறந்தபின் மகளிர் கூந்தலைக் களைந்ததைப் புறநானூறு ஒன்றுக்கு மேற்பட்ட பாடல்களிலே காட்டுகின்றது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய கல்லாடனார், வீழ்ந்த பகைவரின் பெண்டிர் மார்பிலே அறைந்து அழுது கூந்தலைக் கொய்துகொள்ளும் காட்சியைப் பாடுகின்றார். அது வெற்றிப் பாடல்தான். ஆயினும் அந்த வெற்றியின் விலை என்ன என்பதை அந்தப் பெண்களின் தலைகளே சொல்லிவிடுகின்றன. பிற்காலத்திலே சில சமூகங்களில் இந்த மழிப்பு ஒரு கட்டாயமாகி, இளம் பெண்களை வீட்டின் மூலையிலே இருத்தி வைக்கும் கொடுமையாக மாறியதும் நாம் அறிந்ததே.

எனவே மொட்டைத் தலை என்றதும் எமது மனத்திலே பக்தி, துக்கம், அமங்கலம் என்ற மூன்றும் ஒன்றாக எழுகின்றன. இந்தப் பின்னணியிலே நின்று பார்த்தால்தான் நான் சொல்ல வந்த புதிய வழக்கத்தின் தன்மை விளங்கும்.

நேயர்களே, 2000 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆம் திகதி. நியூயோர்க் நகரிலே மன்ஹற்றன் பகுதியிலுள்ள மதுச்சாலை ஒன்று. ஐரிஷ் மக்கள் சென். பற்றிக் என்னும் புனிதரின் திருநாளைக் கொண்டாடும் நாள் அது. மீள்காப்புறுதித் துறையிலே உயர்பதவி வகித்த நண்பர்கள் மூவர், வழக்கமான அந்த விருந்தைச் சிறுவர் புற்றுநோய்க்கு நிதி சேர்க்கும் நிகழ்ச்சியாக மாற்றத் தீர்மானித்தனர். தலைக்கு ஆயிரம் டொலராகப் பதினேழு பேரைக் கொண்டு, பதினேழாம் திகதி பதினேழாயிரம் டொலர் சேர்ப்பது அவர்களது எண்ணம். கிடைத்ததோ 104,000 டொலருக்கும் மேல். புனிதர் பற்றிக்கின் பெயரையும் வழுக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து விளையாட்டாக வைத்த சென். போல்ட்றிக் என்ற பெயரிலேயே பின்னர் ஒரு நிதியம் உருவாகி, சிறுவர் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை வழங்கி வருகின்றது.

அவுஸ்திரேலியாவிலே இரத்தப் புற்றுநோய்க்கான நிதியம் ஒன்று 1998 இலேயே இத்தகைய இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. சிங்கப்பூரில் சிறுவர் புற்றுநோய் நிதியம் 2003 இலே ஆரம்பித்தது. அமெரிக்காவிலே 2010 முதல் தாய்மார் சிலர் கூட்டமாகச் சேர்ந்து தலையை மழிக்கின்றனர். அவர்கள் தம் குழுவுக்கு வைத்துக்கொண்ட எண் நாற்பத்தாறு. அந்நாட்டிலே வேலைநாள் ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறு பிள்ளைகளுக்குப் புற்றுநோய் என்று கண்டறியப்படுகின்றது என்ற கணக்கை நினைவூட்டுவதற்காகவே அந்த எண். அந்தத் தாய்மாருள் பிள்ளை பிழைத்தவர்களும் இருக்கின்றனர், பிள்ளையை இழந்தவர்களும் இருக்கின்றனர். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியிலே அமர்ந்திருக்கின்றனர். இழந்தவள் மழிப்பது தன் பிள்ளைக்காக அன்று. அந்தப் பிள்ளைக்கு இனி எதுவும் செய்ய முடியாது. பக்கத்து நாற்காலிக்காரியின் பிள்ளைக்காகவும், முகம் தெரியாத நாளைய பிள்ளைக்காகவுமே அவள் தன் கூந்தலைக் கொடுக்கின்றாள்.

தானம் செய்வதற்கு ஆயிரம் வழி இருக்கத் தலைமயிரைத் தெரிந்தெடுத்தது ஏன் என்று கேட்கலாம். இதற்கு விடை மருத்துவத்திலே இருக்கின்றது.

புற்றுநோய்க் கலங்கள் கட்டுக்கடங்காது பிரிந்து பெருகுகின்றவை. அவற்றுக்கு எதிரான இரசாயன மருந்துகள் பல, விரைவாகப் பிரியும் கலங்களைத் தேடித் தாக்குகின்றன. எங்கள் உடலிலே இயல்பாகவே விரைவாகப் பிரியும் கலங்கள் சில உண்டு. மயிரின் வேரிலுள்ள கலங்கள் அத்தகையவை. மருந்துக்கு நோய்க் கலம் எது, மயிர்க் கலம் எது என்று பிரித்தறியத் தெரியாது. அதனால் சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் தலையணையிலே மயிர் கொத்தாகக் கிடக்கும். சில மருந்துகளுக்குப் புருவமும் இமைமயிரும் கூட உதிர்ந்து போகும். எல்லா மருந்தும் அப்படிச் செய்வதில்லை. சிகிச்சை முடிந்த பின் பெரும்பாலானோருக்கு மயிர் திரும்ப வளர்ந்தும் விடுகின்றது. ஆயினும் கண்ணாடி முன் நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் செய்தி பெரிய ஆறுதலைத் தருவதில்லை. நோய் உள்ளே இருக்கின்றது, அதை ஒருவரும் காண்பதில்லை. மொட்டைத் தலையை எல்லோரும் காண்கின்றார்கள்.

இந்த மருந்துகளின் வரலாற்றிலே எமது அயலவர் ஒருவருக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஆந்திர தேசத்துப் பீமாவரத்திலே 1895 இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்று, அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இளமையிலே தம் உடன்பிறப்பை வெப்பமண்டல வயிற்றுநோய்க்குப் பலிகொடுத்தவர். அவர் வழிநடத்திய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அமினோப்ரெறின் என்னும் மருந்தைக் கொண்டு, பொஸ்ரன் நகர வைத்தியர் சிட்னி ஃபாபர் இரத்தப் புற்றுநோயுற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்தார். பதினாறு பிள்ளைகளுள் பத்துப் பேரிடம் முன்னேற்றம் கண்டதாக 1948 இல் அறிவித்தார். அந்த முன்னேற்றம் தற்காலிகமானதே. இருந்தும், இந்த நோய்க்கு மருந்து உண்டு என்று உலகம் நம்பத் தொடங்கியது அப்போதுதான். அதே ஆண்டிலே சுப்பாராவ் காலமானார். உடன்பிறப்பை இழந்த துயரம் ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்தபோது யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு மருந்தாக வெளியே வந்தது. இழப்பு என்பது எந்த உருவத்திலும் பயன் தரக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மீண்டும் மயிருக்கு வருவோம். தலையை மழித்து நிதி சேர்ப்பது ஒரு வகை. கூந்தலையே கொடுப்பது இன்னொரு வகை. இங்கிலாந்திலே ஹியர்ஃபோட் நகரத்துப் பெற்றோர் இருவர், 2005 இலே தம் சிறு மகளைப் புற்றுநோய்க்கு இழந்தனர். அவள் சிகிச்சை பெற்ற காலத்திலே குழந்தையின் தலைக்குப் பொருந்தும் நல்ல பொய்முடியைத் தேடி அவர்கள் பட்ட பாடு பெரிது. மகள் மறைந்த மறு ஆண்டிலே, அவள் நினைவாக, 'லிற்றில் பிறின்சஸ் ரறஸ்ற்' என்ற அமைப்பைத் தொடங்கினர். பிறர் கொடுக்கும் உண்மையான கூந்தலைக் கொண்டு பொய்முடி செய்து, மயிர் இழந்த பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்குவது அதன் பணி. இதற்குக் கத்தரித்த துணுக்குகள் உதவா. நீண்ட கூந்தலைப் பின்னி, இரு முனையும் கட்டி, கலையாமல் வெட்டி அனுப்ப வேண்டும்.

இதனை வாசித்தபோது சேக்கிழார் பாடிய மானக்கஞ்சாற நாயனார் புராணம் என் நினைவுக்கு வந்தது. மகளுக்குத் திருமணம் நடக்க இருக்கும் நாள். மணமகனாகிய ஏயர்கோன் கலிக்காமர் வந்துகொண்டிருக்கின்றார். அப்போது மாவிரத முனிவர் வேடத்திலே இறைவன் வருகின்றார். வணங்கி நின்ற மணப்பெண்ணின் கூந்தலைப் பார்த்து, இது எமது பஞ்சவடிக்கு உதவும் என்கின்றார். பஞ்சவடி என்பது மயிரினால் திரித்து மார்பிலே அணியும் வடம். கேட்ட மாத்திரத்திலே தந்தை மகளின் கூந்தலை அடியிலே அரிந்து கொடுத்துவிடுகின்றார். முனிவர் மறைந்து இறைவன் காட்சி தருகின்றார். அப்பெண்ணின் கூந்தலும் முன்போல் வளர்கின்றது.

மணநாளிலே கூந்தலைக் கொடுத்தலும் மங்கலமே என்று எமது சமய மரபு அன்றே ஏற்றுக்கொண்டுவிட்டது. கூந்தல் அற்ற தலை அமங்கலம் என்று சொல்கின்றவர்கள் இந்தப் புராணத்தைச் சிந்திக்க வேண்டும். ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தத் தானத்தைச் செய்தவர் தந்தை. அவரது பக்தியையே புராணம் போற்றுகின்றது. மகளின் உள்ளத்தை அறிய எமக்கு வழியில்லை. இன்றைய பெண் தன் கூந்தலைத் தானே கொடுக்கின்றாள். இதுதான் நான் இன்று வற்புறுத்த விரும்பும் கருத்து. மழித்தல் என்ற செயல் ஒன்றுதான். அதற்கு மாண்பு கொடுப்பதும் இழிவு கொடுப்பதும் மழித்துக்கொள்பவரின் சம்மதமே. கைம்பெண்ணின் தலையிலே ஊர் கத்தி வைத்தால் அது கொடுமை. அதே தலையை ஒருத்தி தானே விரும்பி இன்னொருவருக்காக மழித்தால் அது கொடை. பாஞ்சாலி தன் கூந்தலை முடிவதில்லை என்று சபதம் செய்தபோதும், அது பிறர் இழுத்து அவிழ்த்த கூந்தல் என்ற நிலை மாறி, அவளுடைய சொந்தச் சபதத்தின் சின்னமாகி விட்டதல்லவா?

இவ்விடத்திலே ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்கின்றேன். என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்ற மாணவி ஒருத்தி இப்போது லண்டனிலே வாழ்கின்றாள். அவளுடைய தாயார் மார்புப் புற்றுநோயினால் அங்கே காலமானார். ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு, தாயாரைப் பராமரித்த தாதியர்களை அனுப்பி உதவிய ஒரு நிதியத்துக்காக அவள் தன் தலையை மழித்துக்கொண்டாள். படம் இங்கே ஊரிலுள்ள அம்மம்மாவின் கைக்கு வந்து சேர்ந்தது. கிழவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. வழியிலே என்னைக் கண்டதும் மறித்துக்கொண்டார்.

"தம்பி, நீர் படிப்பிச்ச பிள்ளை செய்த வேலையைப் பாத்தீரே? தாயைத் திண்டது காணாதெண்டு தன்ரை தலையையும் வழிச்சுப்போட்டு நிக்கிறாள். கலியாணம் பேசிற வயசிலை இப்பிடி மொட்டையோ? ஆர் இனி இவளைக் கேட்டு வரப் போகினம்?"

நான் அவருக்கு வாதம் எதுவும் சொல்லவில்லை. மகளை இழந்த தாய்க்கு எதிரே நின்று சமூக சீர்திருத்தம் பேசுவது பண்பல்ல. "ஆச்சி, அம்மாவுக்குக் கொள்ளி வைச்சது ஆர்?" என்று மட்டும் கேட்டேன்.

"பொடியன் ஒண்டும் இல்லையே தம்பி. இவளின்ரை சித்தப்பன்ரை மோன்தான் வைச்சவன்."

"அவன் தலை வழிச்சவனோ?"

"ஓம், முறைக்கு வழிச்சவன்தானே."

"பெத்த பிள்ளை வழிக்கேல்லை எண்டு அவளுக்கு ஒரு குறை இருந்திருக்கும், ஆச்சி."

அவர் ஒன்றும் பேசாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் உடன்பட்டாரா என்பது எனக்குத் தெரியாது. பின்னர் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது, மகளின் படத்துக்குப் பக்கத்திலே பேர்த்தியின் அந்த மொட்டைத் தலைப் படமும் சுவரிலே மாட்டப்பட்டிருந்தது.

அந்த மாணவி எனக்கு எழுதிய கடிதத்திலே ஒரு விடயம் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. தலையை மழித்த பின் புகைவண்டியிலும் கடையிலும் தன்னை எவரும் நேரே பார்க்கவில்லை என்றும், பார்த்தவர்கள் உடனே பார்வையை விலக்கிக்கொண்டனர் என்றும், தாயார் ஒன்றரை ஆண்டுகள் எதனோடு வாழ்ந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது என்றும் எழுதியிருந்தாள். கூடவே, "அம்மாவுக்கு உடம்பிலே வலியும் இருந்தது, சேர். எனக்கு அது இல்லை. ஆகவே அவவின் கஷ்டத்தை நானும் பட்டேன் என்று சொல்லமாட்டேன்" என்றும் எழுதியிருந்தாள். துயரத்திலும் அளவறிந்து பேசுவது பெரிய பண்பு.

இனி, ஆசிரியன் என்ற முறையிலே என்னைத் தொட்ட இன்னொரு நிகழ்ச்சி. 2013 ஆம் ஆண்டு சிங்கப்பூரிலே பெண்கள் பாடசாலை ஒன்றின் மாணவியர் சிலர், சிறுவர் புற்றுநோய் நிதிக்காகத் தலையை மழித்துக்கொண்டனர். தலையை மழிப்பது அப்பாடசாலையின் விதிக்கு மாறானது. பாடசாலைக்குப் பொய்முடி அணிந்து வருவோம் என்று அவர்கள் முன்னரே வாக்களித்திருந்தனர். ஆனால் மொட்டைத் தலையோடே வந்தனர். அதிபர் அவர்களைப் பொய்முடி அணியுமாறு பணித்தார். இந்தச் செய்தி வெளியானதும் அந்நாட்டிலே பெரும் விவாதம் எழுந்தது.

விதியைக் காப்பது அதிபரின் கடமை, கொடுத்த வாக்கைக் காப்பது மாணவியரின் கடமை என்று ஒரு சாரார் வாதிட்டனர். நோயுற்ற பிள்ளை தன் மொட்டைத் தலைக்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று காட்டவே மழித்தார்கள், அதைப் பொய்முடியால் மறைக்கச் சொன்னால் வெட்கப்பட வேண்டியதுதான் என்று சொன்னதாகிவிடாதா என்று மறு சாரார் கேட்டனர். வாக்கு முக்கியம் என்பதை மறுக்க நான் வரவில்லை. வகுப்பறையிலே அதைக் கற்பிக்கும் தொழிலைச் செய்பவன் நான். ஆனால் மறு சாராரின் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. சிகிச்சை முடிந்து தொப்பியோடு வகுப்புக்குத் திரும்பும் ஒரு பிள்ளையை, நாளை எந்தப் பாடசாலையும் சந்திக்கக் கூடும். அந்தப் பிள்ளை வரும் நாளிலே அங்கே ஏற்கனவே இரண்டு மொட்டைத் தலைகள் இருந்தால், அந்த வகுப்பு அதற்கு வேறு விதமான வகுப்பாயிருக்கும். விதி எழுதுகின்றவர்கள் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்தே எழுத வேண்டும்.

இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றிக் குறை சொல்கின்றவர்களும் உளர். இது வெறும் காட்சி, விளம்பரம், கொடுக்க விரும்புகின்றவன் வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுக்கலாமே என்பது அவர்கள் வாதம். இதிலே உண்மை இல்லாமல் இல்லை. படம் எடுப்பதற்காக மழிப்பவனும் இருப்பான். கூடாவொழுக்கம் என்ற அதிகாரம் அவனைப் பற்றியதுதான். வேடம் முக்கியமில்லை, நடத்தையே முக்கியம் என்று வள்ளுவர் சொன்னது துறவிக்கு மட்டும் உரிய விதியன்று.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும. உண்டியலிலே போட்ட காசு போட்டவனை விட்டுப் போய்விடுகின்றது. மழித்த தலை மாதக் கணக்கிலே கூடவே வருகின்றது. சந்தையிலும் கந்தோரிலும் காண்பவர்கள் எல்லோரும், என்ன நடந்தது என்று கேட்கின்றார்கள். கேட்கும் ஒவ்வொருவருக்கும் இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. துக்கத்திலே இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றது. இறந்தவரின் பெயரைச் சொன்னால் நோகுமோ என்று பயந்து ஒருவரும் சொல்வதில்லை. எமது முன்னோர் கொள்ளி வைத்தவனின் தலையிலே அந்தப் பெயரை எழுதி வைத்தார்கள். புதிய வழக்கமும் அதையே செய்கின்றது. அத்தோடு ஆணுக்கு மட்டும் இருந்த அந்த உரிமையை மகளுக்கும் தாய்க்கும் நண்பனுக்கும் திறந்து விடுகின்றது. ஓர் உண்டியலையும் பக்கத்திலே வைக்கின்றது.

ஆகவே இதனை இங்கே செய்ய முனைவோருக்கு இரண்டொரு வார்த்தை. கட்டாயம் கூடாது. வகுப்பிலே எல்லோரும் மழிக்கின்றார்கள் என்பதற்காக ஒரு பிள்ளை மழிக்கும் நிலை வரக்கூடாது. நோயுற்றவரைக் கேளாமல் அவர் பெயரால் மேடை போடவும் கூடாது. தன் நோயைப் பிறர் அறிவதை விரும்பாதவரும் உண்டு. சேர்ந்த பணம் எங்கே போயிற்று என்ற கணக்கும் வெளியிலே வைக்கப்பட வேண்டும். தலை வெளிச்சமாயிருந்தால் போதாது, கணக்கும் வெளிச்சமாயிருக்க வேண்டும்.

தேவை என்னவோ பெரிது. உலகிலே ஆண்டுதோறும் ஏறத்தாழ நாலு இலட்சம் பிள்ளைகளும் பதின்ம வயதினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. செல்வ நாடுகளிலே அவர்களுள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றிலே முப்பது பேர்கூடத் தேறுவதில்லை. நோய் ஒன்றுதான். பிறந்த மண் வேறு, அவ்வளவுதான். பிந்திக் கண்டறிதலும், மருந்து கிடையாமையும், பாதியிலே சிகிச்சையைக் கைவிடுதலுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். எமது நாட்டிலே மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலை, அரசாங்கச் செலவிலே சிகிச்சை அளிக்கின்றது. அபேக்ஷா என்ற சொல்லுக்கு எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். 2011 இலே தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை கால்நடையாக நடந்து, தெல்லிப்பழையிலே புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் அமைக்க நிதி திரட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வழி நெடுகக் கூட நடந்தார்கள். கால் கொடுத்தவர்கள் அவர்கள். மயிர் கொடுப்பவர்கள் இவர்கள். கொடுப்பதற்கு ஏதோ ஒன்று எல்லோரிடமும் இருக்கின்றது.

தலையை விட்டு விழுந்த மயிருக்கு மதிப்பில்லை என்ற வள்ளுவரின் உவமை பொய்த்துவிட்டதா என்று தொடக்கத்திலே கேட்டோம். பொய்க்கவில்லை என்றே நான் சொல்வேன். தாமாகவே நிலை தாழ்ந்து விழுந்தவர்களுக்குத்தான் அந்த உவமை. விழுந்தவன் வேறு, குனிந்து கொடுத்தவன் வேறு. நாவிதர் முன்னே ஒருத்தி தலை குனியும்போது அவளுடைய மானம் குனிவதில்லை. மடியிலே விழும் அந்த மயிரைக் கூட்டி அள்ளிக் குப்பையிலே போட்டுவிடலாம். அதன் பெயரால் வாங்கிய மருந்து எங்கோ ஒரு பிள்ளையின் நரம்பிலே ஏறிக்கொண்டிருக்கும்.

நேயர்களே, உங்கள் அயலிலே மொட்டைத் தலையோடு ஒரு பெண்ணைக் காணும்போது சகுனம் பார்த்து வழி மாறாதீர்கள். நேர்த்தியாயிருக்கலாம், நோயாயிருக்கலாம், நினைவாயிருக்கலாம். எதுவாயினும் நேரே முகத்தைப் பார்த்து, "என்ன பிள்ளை, சுகமாயிருக்கிறீரோ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். செலவில்லாத தானம் அது.